1-லயா, 2-லயா? சல்சாவும் மாம்போவும் பிரியும் இடம்

இந்த எபிசோட்ல டெக் பத்திப் பேசப் போறதில்ல. ஆனா டெக்ல இருக்கறவங்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒரு தலைவலி பத்திப் பேசப் போறோம். ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேர், ஒரே பேருக்கு நாலு அர்த்தம், எல்லாத்துக்கும் நடுவுல ஒரே ஒரு பீட் வித்தியாசம். சல்சா, மாம்போ.

சல்சா சோஷியல் பக்கம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தவங்களுக்கு இந்தக் கேள்வி தெரிஞ்சிருக்கும்: "நீங்க ஆன் 1-ஆ, ஆன் 2-ஆ?" பக்கத்துல நிக்கிற ஒருத்தர், "ஆன் 2-ன்னா அது சல்சா இல்லைங்க, மாம்போ"ன்னு திருத்துவார். இன்னொருத்தர், "ஒரிஜினல் மாம்போன்னா 2, 3, 4-ல கால் வைக்கணும், இப்ப ஆடுறது எல்லாம் மாம்போவே இல்ல" என்பார். கியூபன் ஸ்டைல் கத்துக்கிட்டவர், "நாங்க ஆடறதுக்குப் பேரு காசினோ"ன்னு சொல்லிட்டு ஆடப் போயிடுவார். ஸ்பீக்கர்ல ஓடறது என்னவோ ஒரே பாட்டுதான்.

இதுல யார் சொல்றது சரி? அதுக்கு முன்னாடி, என்னதான் வித்தியாசம்? முதல்ல காலைப் பார்ப்போம், அப்புறம் பேரைப் பார்ப்போம்.

எட்டு வரைக்கும் எண்ணுவோம்

சல்சா ஆடுறவங்க இசையை எட்டு எட்டாத்தான் எண்ணுவாங்க. ரெண்டு நாலு சேர்ந்த எட்டு. நமக்கு இது புதுசு இல்ல. ஆதி தாளம் போடத் தெரிஞ்சவங்களுக்கு எட்டு கையிலேயே இருக்கு: ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ரெண்டும் ஒரே இசைன்னு சொல்ல வரல. எட்டு எண்ணுறதுக்கு ஒரு பிடி வேணும், அவ்வளவுதான்.

இந்த எட்டுல ஆறு ஸ்டெப் வைக்கறோம், ரெண்டு இடத்துல நிறுத்தறோம். பேசிக் ஸ்டெப்னா முன்னாடி போய்த் திரும்பி வர்றது, பின்னாடி போய்த் திரும்பி வர்றது. போற திசை மாறுற அந்த ஸ்டெப்புக்குத்தான் பிரேக்னு பேரு. "ஆன் 1", "ஆன் 2"ங்கற பேர்ல வர்ற எண் இந்த பிரேக் எந்த பீட்ல விழுதுங்கறதைத்தான் சொல்லுது. எந்த பீட்ல ஆட ஆரம்பிக்கறோம்னு இல்ல. இந்த இடத்துலதான் நிறைய பேர் குழம்பறாங்க.

இப்ப மூணு டைமிங்கை வரிசையா வைப்போம்.

முதலாவது, ஆன் 1. கால் விழறது 1, 2, 3, அப்புறம் 5, 6, 7. நாலுலயும் எட்டுலயும் நிறுத்தம். பிரேக் 1-லயும் 5-லயும். லீடர் 1-ல இடது காலை முன்னாடி வெப்பார், 5-ல வலது காலைப் பின்னாடி வெப்பார்.

ரெண்டாவது, பலேடியம் டைமிங்னு சொல்லப்படுறது. கால் விழறது 2, 3, 4, அப்புறம் 6, 7, 8. நிறுத்தம் 1-லயும் 5-லயும். பிரேக் 2-லயும் 6-லயும். பால்ரூம் பள்ளிகள்ல மாம்போன்னு சொல்லித் தர்றதும் இந்த எண்ணிக்கைதான்.

மூணாவது, நியூயார்க் ஆன் 2. கால் விழறது ஆன் 1 மாதிரியே 1, 2, 3, அப்புறம் 5, 6, 7. ஆனா பிரேக் மட்டும் 2-லயும் 6-லயும். லீடர் 1-ல இடது காலைச் சின்னதா வெச்சுட்டு, 2-ல வலது காலோட பின்னாடி பிரேக் பண்ணுவார். 6-ல இடது கால் முன்னாடி.

இப்ப இதை ஒரு இன்ஜினியர் கண்ணோட பாருங்க. இங்க ஒரு வேரியபிள் இல்ல, ரெண்டு வேரியபிள் இருக்கு. ஒண்ணு, கால் எப்ப தரையில விழுது. இன்னொண்ணு, திசை எப்ப மாறுது. நியூயார்க் ஆன் 2, முதல் வேரியபிளை ஆன் 1 கிட்ட இருந்தும் ரெண்டாவதை பலேடியம் கிட்ட இருந்தும் எடுத்துக்குது. கண்ணை மூடிட்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டா ஆன் 1-ஐயும் நியூயார்க் ஆன் 2-ஐயும் பிரிக்க முடியாது. கண்ணைத் திறந்தாத்தான் தெரியும்.

இன்னொரு விதமாவும் சொல்லலாம். மூணுலயும் அசைவுகளோட வரிசை ஒண்ணேதான்: பிரேக், எடையைத் திருப்பிக் கொடு, காலைச் சேர். ஆன் 1-ஐ அப்படியே ஒரு பீட் தள்ளி வெச்சா பலேடியம் வந்துடும். நியூயார்க் ஆன் 2-க்கு வெறுமனே தள்ளி வெச்சா பத்தாது. அதுல நிறுத்தமே இடம் மாறியிருக்கு. மத்த ரெண்டுலயும் காலைச் சேர்த்த பிறகுதான் மூச்சு. இதுல சேர்க்கறதுக்கு முன்னாடியே மூச்சு. அதனாலதான் பலேடியம் ஆடுறவரும் நியூயார்க் ஆன் 2 ஆடுறவரும் ஜோடி சேர்ந்தா, "ரெண்டு பேரும் ஆன் 2 தானே, அப்புறம் ஏன் இடிக்குது?"ன்னு முழிக்கறாங்க. பிரேக் ஒத்துப் போகுது, மூச்சு ஒத்துப் போகல.

ஒரு பீட்னா எவ்வளவு நேரம்? நிமிஷத்துக்கு 180 பீட் ஓடற ஒரு பாட்டை எடுத்துக்கோங்க. ஒரு பீட்ங்கறது ஒரு விநாடியில மூணுல ஒரு பங்கு. இந்த இத்துனூண்டு இடைவெளிக்காகத்தான் இவ்வளவு சண்டை.

ஏன் 2?

"1 தானே முதல் பீட்? அதுல காலை எடுத்து வெக்கறதுதானே இயல்பு?" நியாயமான கேள்வி. மேற்கத்திய இசையில வளர்ந்த காதுக்கு 1-தான் கனமான பீட். ஆன் 1 கத்துக்கறது பலருக்குச் சுலபமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா இந்த இசையை ஓட்டுற கருவிகள் 1 மேல உட்கார்றதில்ல. கொங்காவை மட்டும் தனியாக் கேளுங்க. அடிப்படையான தும்பாவோ அடியில, 2-ல ஒரு "டக்"னு அறை விழும். 4-லயும் 4-க்கு அப்புறம் வர்ற அரை பீட்லயும் "டும் டும்"னு திறந்த சத்தம் வரும். பேஸ் வாசிக்கறவரும் பெரும்பாலும் 1-ஐத் தொட மாட்டார். 2-க்குப் பிறகு வர்ற அரை பீட்லயும் 4-லயும் வாசிச்சு, அடுத்த 1-ஐ முன்கூட்டியே சொல்லிட்டுப் போயிடுவார். கிளாவேன்னு ரெண்டு குச்சி வெச்சு அடிக்கற அஞ்சு அடி இருக்கே, அதுல ரெண்டு அடி உள்ள பக்கம் விழறது சரியா 2-லயும் 3-லயும்.

அதனால 2-ல பிரேக் பண்ணும்போது உங்க உடம்போட பெரிய அசைவு, கொங்காவோட அறை மேல போய் உட்காருது. ஆன் 2 ஆடுறவங்க "தாளக் கருவிகளோட சேர்ந்து ஆடுறோம்"னு சொல்றதுக்கு இதுதான் அர்த்தம். ஆன் 1 ஆடுறவங்க மெலடியோட, பாடகரோட, பித்தளைக் கருவிகளோட வெடிப்போட சேர்ந்து போறதா உணருவாங்க. ரெண்டுமே பாட்டுக்குள்ள இருக்கற விஷயங்கள்தான்.

நம்ம ஊர் கச்சேரியில சமம் ஓர் இடம், பாட்டோட எடுப்பு வேற இடம்னு இருக்கும். சமம் தாண்டி அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கற கீர்த்தனைகள் எத்தனையோ. யாரும் அதைத் தப்புன்னு சொல்றதில்ல. ஆனா சமம் எங்க இருக்குன்னு பாடறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆன் 2-வும் அப்படித்தான். 1 எங்கன்னு தெரிஞ்சவராலதான் அதை விட்டுட்டு 2-ல அழகா விழ முடியும்.

மாம்போ: ஒரு பேர், நாலு அர்த்தம்

சரி, பேருக்கு வருவோம். மாம்போங்கற சொல்லோட வேர், ஆப்பிரிக்காவோட காங்கோ பகுதியில இருந்து அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட மக்களோட மொழிகள்ல இருக்குன்னு பொதுவாச் சொல்றாங்க. கியூபா இசையில அது பிரபலமாகத் தொடங்கினது 1938 வாக்கில். ஹவானாவில் அந்தோனியோ அர்கான்யோவோட குழுவுல இருந்த ஒரெஸ்தெஸ் லோபெஸ், "மாம்போ"ங்கற பேர்லயே ஒரு தான்சோன் எழுதினார். தான்சோன்ங்கறது அங்க இருந்த ஒரு பழைய, மரியாதையான நடன இசை. அதோட கடைசிப் பகுதியைத் திறந்துவிட்டு, தாளத்தைத் துள்ள வெச்சாங்க ஒரெஸ்தெஸும் அவர் தம்பி இஸ்ரயேல் லோபெஸும். தம்பியை உலகம் "கச்சாவோ"ன்னு கூப்பிடும். பார்வையிழந்த மேதை அர்செனியோ ரொட்ரிகெஸும் தன்னோட குழுவுல இதே மாதிரி ஒரு சூடான பகுதியை வளர்த்துட்டு இருந்தார். யார் முதல்லங்கற வாதம் இன்னும் முடியல.

1940-களோட கடைசியில பெரெஸ் பிராதோ கியூபாவை விட்டு மெக்சிகோ சிட்டிக்குப் போய், இதைப் பெரிய பித்தளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாத்தினார். 1999-ல லூ பேகா உலகம் பூரா ஓட விட்ட "மாம்போ நம்பர் 5" ஞாபகம் இருக்கா? அதுக்கு அடியில இருக்கறது பெரெஸ் பிராதோ 1949-ல பதிவு பண்ண பாட்டு.

அதே நேரத்துல நியூயார்க்ல, பிராட்வேயும் 53-ஆவது தெருவும் சேர்ற இடத்துல பலேடியம் பால்ரூம். மச்சீத்தோ, டிட்டோ புயன்டே, டிட்டோ ரொட்ரிகெஸ்னு மூணு பெரிய குழு. ஊரே நிறப் பாகுபாட்டுல பிரிஞ்சு கிடந்த காலத்துல, பியூர்ட்டோ ரீக்கோக்காரர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர்னு எல்லாரும் ஒரே தரையில ஆடினாங்க. அங்க பேர் வாங்கின ஜோடிகள்ல ஒண்ணு, கியூபன் பீட்டும் மில்லி டோனேவும். ஒருத்தர் பியூர்ட்டோ ரீக்கோ வம்சாவளி, இன்னொருத்தர் இத்தாலிய வம்சாவளி. அவருக்கு வந்த பட்டப்பேர்ல இருக்கறதோ கியூபா! பேர்க் குழப்பம் அங்கயே ஆரம்பிச்சாச்சு.

1954 வாக்கில அமெரிக்கா முழுக்க மாம்போ பைத்தியம். பெரி கோமோ "பாப்பா லவ்ஸ் மாம்போ" பாடினார், ரோஸ்மேரி குளூனி "மாம்போ இத்தாலியானோ" பாடினார். டான்ஸ் பள்ளிகள் மாம்போவைப் பாடமாக்கி, எண்ணிக்கை போட்டு, விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. 1963 கோடையில நடக்கற கதையா 1987-ல வந்த "டர்ட்டி டான்சிங்" படத்துலயும் அவங்க ஆடுறது மாம்போ. 1-ல கால் வைக்காதே, 2-ல ஆரம்பின்னு சொல்லித் தர்ற காட்சியும் அதுல உண்டு.

இதுக்கெல்லாம் மேல, இன்னிக்கு ஒரு சல்சா பாட்டுக்குள்ளேயே மாம்போன்னு ஒரு பகுதி இருக்கு. பாடகர் நிறுத்தின பிறகு டிரம்பெட்டும் டிராம்போனும் அடுக்கடுக்கா ஏறி வருமே, அதுதான். ஆக மாம்போன்னா ஒரு பாட்டோட பேர், ஓர் இசை வகை, ஒரு நடனம், பாட்டோட ஒரு பகுதி. ஒரே வேரியபிள் பேரை நாலு மாட்யூல்ல நாலு அர்த்தத்துல வெச்ச மாதிரி.

சல்சா: பேர் மாறினா என்ன போச்சு?

1959-ல கியூபப் புரட்சி. 1962-ல அமெரிக்கா கியூபா மேல முழு வணிகத் தடை போடுது. ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல இருந்த போக்குவரத்து அறுந்து போகுது. 1966-ல பலேடியமும் மூடிடுச்சு. இளைஞர்கள் ராக் பக்கமும் பூகலூ பக்கமும் போயிட்டாங்க.

1964-ல டொமினிக்கன் இசைக்கலைஞர் ஜானி பச்சேக்கோவும், வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் நியூயார்க்ல ஃபானியா ரெக்கார்ட்ஸ் தொடங்கினாங்க. 1970-கள்ல அவங்க இசைக்கு ஒட்டிக்கிட்ட பேர் சல்சா. ஸ்பானிஷ்ல சாஸ்னு அர்த்தம். இந்தச் சொல் அவங்க கண்டுபிடிச்சது இல்ல. கியூபாவோட இக்னாசியோ பின்யெய்ரோ 1930-கள்லயே ஒரு பாட்டுல பயன்படுத்தியிருக்கார். வெனிசுலாவுல 1960-கள்ல ஒரு வானொலி நிகழ்ச்சியோட பேர்லயே சல்சா இருந்தது. ஆனா சோன், குவாராச்சா, மாம்போன்னு பல பேர்ல இருந்த எல்லாத்தையும் ஒரே லேபிள் போட்டு உலகத்துக்கு அனுப்பினது நியூயார்க்தான்.

டிட்டோ புயன்டேவுக்கு இது பிடிக்கல. சல்சாங்கறது சாப்பாட்டுல ஊத்திக்கற விஷயம், நான் வாசிக்கறது கியூபா இசைன்னு பல பேட்டிகள்ல கிண்டலடிச்சார். நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்கு அவர் கோபம் சட்டுனு புரியும். பழைய ரெப்போவை அப்படியே காப்பி பண்ணி, புது பேர்ல, ஒரே கமிட்டா போட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. கோட் ஓடும். ஆனா பத்து வருஷ ஹிஸ்டரி போயிடும். யார் எந்த வரியை எழுதினாங்கன்னு தேடினா, காப்பி பண்ணவர் பேர்தான் வரும்.

இது வெறும் உவமை இல்ல. அர்செனியோ ரொட்ரிகெஸ் 1970 கடைசியில லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்தார். அவர் உருவாக்கின குழு அமைப்பு மேல நின்னுதான் அடுத்த பத்து வருஷம் சல்சா உலகம் சுத்துச்சு. கச்சாவோ 1960-கள்ல கியூபாவை விட்டு வெளியேறி, பிறகு மயாமியில கல்யாணம், ஞானஸ்நானம்னு சின்னச் சின்ன விசேஷங்கள்ல வாசிச்சுட்டு இருந்தார். நடிகர் ஆண்டி கார்சியா 1993-ல அவரைப் பத்தி ஆவணப்படம் எடுத்த பிறகுதான் பெரிய உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்ப அவருக்கு எழுபது வயசு தாண்டியிருச்சு. பேர் மாறினா போறது பேர் மட்டும் இல்ல.

ஆனா மறுபக்கமும் இருக்கு. நியூயார்க்கோட ஏழைத் தெருக்கள்ல வளர்ந்த பியூர்ட்டோ ரீக்கோப் பசங்களுக்கு, 1950-களோட மாம்போ அவங்க அப்பா காலத்து இசை. வில்லி கோலோனோட கரடுமுரடான டிராம்போன், ஹெக்டர் லவோவோட குரல், பனாமாவுல இருந்து வந்த ரூபன் பிளேட்ஸ் எழுதின தெருக் கதைகள், இதெல்லாம் ஹவானாவோட நகல் இல்ல. சல்சான்னா ஒரு தாளம் இல்ல, ஒரு கருத்துன்னு கோலோன் சொல்வார். கியூபா, பியூர்ட்டோ ரீக்கோ, கொலம்பியா, வெனிசுலான்னு எல்லாருமே "இது எங்களோடது"ன்னு சொல்ற மாதிரி ஒரு பேர் கிடைச்சது. அதையும் கழிச்சுட முடியாது.

அப்ப ஏன் ஆன் 2-வை மாம்போங்கறாங்க?

இதுக்கு விடை எடி டோரஸ். 1950-ல நியூயார்க்ல பிறந்த பியூர்ட்டோ ரீக்கோ வம்சாவளிக்காரர். கிளப்கள்ல பெரியவங்களைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டவர். காதுக்குத் தெரிஞ்சது, வாய்க்குச் சொல்லத் தெரியல. ஜூன் லபெர்ட்டாங்கற பால்ரூம் ஆசிரியைதான், அவர் ஆடுறதை எண்ணிக்கையாவும் ஸ்டெப் பேராவும் மாத்த உதவினார். பிறகு டிட்டோ புயன்டே மேடையில எடி டோரஸ் ஆட, அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க அதை உலகம் முழுக்கக் கொண்டு போனாங்க. பலேடியம் தலைமுறையோட தொடர்ச்சி நாங்கன்னு சொல்லத்தான் அவங்க மாம்போங்கற பேரை விடல. அந்தப் பேர் டைமிங்கை மட்டும் சொல்லல, பரம்பரையைச் சொல்லுது.

1990-கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல வாஸ்கெஸ் சகோதரர்கள் வேகமான சுழற்சி, தூக்கிப் போடற சாகசம்னு ஆன் 1-ஐ மேடைக்குக் கொண்டு வந்தாங்க. கியூபாவுல இது ரெண்டும் இல்லாம, காசினோ தனியா வளர்ந்தது. ஹவானாவோட காசினோ தெப்போர்த்திவோங்கற கிளப்ல இருந்து வந்த பேர் அது. அவங்க பழைய சோனை ஆடும்போது 2, 3, 4-னு கால் வைக்கறதை கோன்ட்ராதியெம்போன்னு சொல்வாங்க. பலேடியம் எண்ணிக்கையோட சொந்தக்காரன் அங்க ஏற்கெனவே இருக்கான்.

சரி, தரையில என்ன பண்ணணும்?

ஒண்ணு, ஜோடி சேரும்போது கூச்சப்படாம கேளுங்க: "ஆன் 1-ஆ, ஆன் 2-ஆ?" ஆன் 2-ன்னா, "1, 2, 3-ஆ, 2, 3, 4-ஆ?"ன்னும் கேளுங்க. ரெண்டே கேள்வியில பாதிச் சண்டை தீர்ந்துடும்.

ரெண்டு, ஸ்டெப் கத்துக்கறதுக்கு முன்னாடி கொங்காவைப் பிடிங்க. மெதுவான ஒரு பாட்டைப் போட்டு, அந்த "டக்" வரும்போது மட்டும் கை தட்டுங்க. அதுதான் 2, அதுதான் 6. அது காதுல உட்கார்ந்தா மூணு டைமிங்கும் அப்புறம் கால் விஷயம்தான்.

மூணு, ஆன் 2 ஆடினா உசத்தி, ஆன் 1-ன்னா கத்துக்குட்டின்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. 1-ஐ விட்டு நழுவாம ஆடற ஆன் 1 டான்ஸர், 2-ன்னு சொல்லிக்கிட்டு எங்கெங்கயோ விழறவரை விட இசைக்கு நெருக்கமா இருக்கார்.

பேர் விஷயத்துல என்னோட நிலைப்பாடு இதுதான். இந்த நடனத்தை சல்சான்னு சொல்லுங்க, மாம்போன்னு சொல்லுங்க, காசினோன்னு சொல்லுங்க. எதிர்ல நிக்கறவர் என்ன பேர் சொல்றாரோ, அதுக்குப் பின்னாடி ஒரு ஊரும் சில மனுஷங்களும் இருக்காங்கன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. லேபிளைத் திருத்தப் போறதுக்கு முன்னாடி, ஒரு நாள் உட்கார்ந்து கச்சாவோவையும் அர்செனியோவையும் கேளுங்க. அந்த ஹிஸ்டரியைத் திரும்ப லோடு பண்ண நம்மளால முடிஞ்ச வழி அது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஆன் 1-ஆ ஆன் 2-ஆன்னு சண்டை போடற உங்க நண்பர்கள் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.